ஏழாம் பக்கம்

உதவித்தொகை விண்ணப்பம் மொத்தம் பதினொரு பக்கம். முதல் ஆறு பக்கத்தை என் மகள் ஒரே மூச்சில் நிரப்பிவிட்டாள். ஏழாம் பக்கத்துக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். தகப்பனாரின் தொழில், தகப்பனாரின் மாத வருமானம், தகப்பனாரின் கையெழுத்து. அதற்குக் கீழே பொடி எழுத்தில், தகப்பனார் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழும், விவாகரத்து ஆகியிருந்தால் தீர்ப்பின் நகலும் இணைக்க வேண்டும் என்று போட்டிருந்தது.

எங்கள் வீட்டுக்காரர் சாகவும் இல்லை, நீதிமன்றப் படி ஏறவும் இல்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, "சொந்தமா ஒரு தொழில் ஆரம்பிக்கப் போறேன், ஒரு வழிக்கு வந்ததும் உங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர், அவ்வளவுதான். அதற்கெல்லாம் எந்த அலுவலகத்தில் சான்றிதழ் கொடுக்கிறார்கள்?

நான் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். துவைத்து வரும் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் கொடுப்பது என் வேலை. இந்த முனையை நான் பிடித்தால் அந்த முனையை இன்னொருத்தி பிடிக்க வேண்டும். பதினொரு வருஷமாக அந்த முனையில் இருப்பவள் ஒருத்திதான். வாய் ஓயாதவள். அவளுடைய பெண்ணும் இதே கல்லூரியில்தான் படிக்கிறாள். "ஒரு பைசா கட்டலை. பஸ்ஸுக்கும் நோட்டுக்கும்தான் செலவு. உன்னால எவ்வளவு முடியும்னு பாப்பாங்க, மீதிய அவங்க போட்டுக்குவாங்க. வாயத் திறந்து உள்ளதச் சொன்னாப் போதும்" என்று அவள் சொல்லித்தான் எனக்கு இந்த உதவித்தொகை விஷயமே தெரியும்.

என் மகளுக்குப் பாலம் கட்டும் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. கட்டணம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு விரல் விட்டுக் கணக்குப் போட்டேன். நான் இரண்டு வருஷம் உருளைக்கு முன்னால் நின்றால் அவள் ஒரு வருஷம் படிக்கலாம், நாங்கள் இருவரும் எதையும் சாப்பிடாமல் இருந்தால். உதவித்தொகை கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் அவளும் சலவைக்கூடம். நடுவில் வேறு வழியே கிடையாது. கல்லூரி முறையாகத்தான் நடந்துகொண்டது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். குறை எல்லாம் எங்களிடம்தான்.

கல்லூரியின் உதவித்தொகை அலுவலகத்துக்கு மகளோடு போனேன். மூன்றாம் ஜன்னலில் ஓர் அம்மாள் இருந்தார். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். ஏழாம் பக்கம் காலியாக இருப்பதைப் பார்த்ததும் அதை எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டார்.

"அப்பா எங்க இருக்காரு?"

"தெரியாது மேடம்" என்றேன்.

"எத்தனை வருஷமா?"

"எட்டு."

அவர் முகத்தில் இரக்கமும் இல்லை, இளக்காரமும் இல்லை. இப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருப்பார். "கவலைப்படாதீங்க, இதுக்கும் வழி வெச்சிருக்கோம். உங்களுக்குச் சொந்தக்காரங்களா இல்லாத ரெண்டு பேர், உங்கள நல்லாத் தெரிஞ்சவங்க, கூட வேலை பாக்கறவங்களா இருந்தாலும் சரி. 'இவங்க வீட்டுக்காரர் இவங்கள விட்டுட்டுப் போயி எட்டு வருஷம் ஆச்சு, எந்தத் தொடர்பும் இல்ல'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும். ஏழாம் பக்கத்தக் கோடு போட்டு அடிச்சிடலாம்."

இவ்வளவு சுலபமான வழியை ஒருவர் கையில் வைத்து நீட்டினால், புத்தி உள்ளவள் என்ன செய்ய வேண்டும்? வாங்கிக்கொண்டு போய் அன்று மாலையே எழுதி வாங்கியிருக்க வேண்டும். நான் அதைச் செய்யவில்லை. ஏனென்றால் சலவைக்கூடத்தில் நான் எட்டு வருஷமாகச் சொல்லி வைத்திருப்பது வேறு. வீட்டுக்காரருக்கு வெளியூரில் வேலை, வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து போகிறார், பணம் அனுப்புகிறார். ஒருமுறை நானே எனக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கட்டிக்கொண்டு, அவர் அனுப்பியது என்று அந்த முனைக்காரியிடம் காட்டியிருக்கிறேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். அவளிடம் போய், "என்னை விட்டுட்டுப் போயிட்டார்னு எழுதிக் குடு" என்று எந்த வாயால் கேட்பேன்?

"தேடிப் பாக்கறேன் மேடம்" என்றேன். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அப்பாவைத் தேடப்போகிறோம் என்பதில் வந்த வெளிச்சம் அது, படிப்புக்காக வந்தது இல்லை. எனக்குச் சுருக்கென்றது.

தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. என் அண்ணன் பார்சல் வேன் ஓட்டுகிறவர். நான் கேட்டதும் தலையைச் சொறிந்தார்.

"உன் முதலாளிய நான் ஆறு மாசம் முன்னாடியே பாத்துட்டேன். பஸ்ல ரெண்டு மணி நேரம். ஒரு கண்ணாடிக் கடையில நின்னுட்டிருந்தாரு."

முதலாளி என்பது அண்ணன் வைத்த பெயர். கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து, ஆரம்பிக்கப் போகும் தொழில்களை எல்லாம் ஒவ்வொன்றாக விவரித்ததால் வந்தது.

"ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ கெளம்பிப் போவே."

"கடை அவரோடதா, வேலைக்கு இருக்காரா?"

"கேக்கலை. கேட்டா அரை நாள் பேசுவாரு. எனக்கு இன்னும் பதினாறு பார்சல் பாக்கி இருந்தது."

*

கடை பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. வாசலில் மரச்சட்டங்களில் கண்ணாடிப் பலகைகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. உள்ளே கம்பளி விரித்த ஒரு பெரிய மேஜை. அவர் அதன்மேல் குனிந்து அளவுகோலை வைத்து ஒரு கண்ணாடியைக் கீறிக்கொண்டிருந்தார். கீறி முடித்து, விளிம்பை மேஜை ஓரத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு கையாலும் ஓர் அழுத்து. நேர்கோட்டில் உடைந்தது. நல்ல வேலைக்காரர்தான். அதை மட்டும் அவர் சொல்லிக்கொண்டு திரிந்திருந்தால் எங்கள் வாழ்க்கை வேறு மாதிரி இருந்திருக்கும்.

நிமிர்ந்தார். முன்தலை வழுக்கையாகிவிட்டது. என்னைத் தாண்டி மகளைத்தான் முதலில் பார்த்தார்.

"அப்பா" என்றாள் அவள். அந்தக் குரலை நான் எட்டு வருஷமாகக் கேட்டதில்லை. எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. கஞ்சியோ கூழோ ஊற்றி வளர்த்தது ஒருத்தி, இந்தக் குரல் இன்னொருவருக்கா?

அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். ஒரு நொடி வாசலைப் பார்த்தார், பிறகு மேஜையைப் பார்த்தார். அப்புறம் என்ன தோன்றியதோ, நேராகப் போய்க் கல்லாவுக்குப் பின்னால் இருந்த சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வாங்க வாங்க. உக்காருங்க. நம்ம கடைதான்."

நாற்காலி அவருக்குத் தணிவாக இருந்தது. முழங்கால் இரண்டும் மேஜைக்கு மேலே தெரிந்தன. மகள் விஷயத்தைச் சொன்னாள். மதிப்பெண்ணைச் சொன்னாள், பாலம் என்றாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கண் கலங்கியது, அது நடிப்பு இல்லை. பிறகு ஏழாம் பக்கத்தை நீட்டினாள். அவர் பேனாவுக்காக முதல் இழுப்பறையைத் திறந்தார், அதில் ரசீதுப் புத்தகம். இரண்டாவதைத் திறந்தார், அதில் ஆணி. மூன்றாவது பூட்டியிருந்தது. மகள் தன் பேனாவையே கொடுத்தாள். அவர் அதை வாங்கியபோது விரல்களைப் பார்த்தேன். நாலு விரலில் பிளாஸ்திரி. முதலாளி என்றால் கல்லாவில் விரல் தேயலாம், கண்ணாடியில் கிழியாது.

மேஜைமேல் இருந்த தொலைபேசி அடித்தது. அவர் எடுக்கவில்லை.

"குடும்பம் வந்திருக்கறப்போ நான் எடுக்கறதில்ல" என்றார்.

தொழில் என்ற இடத்தில், கண்ணாடிக் கடை உரிமையாளர் என்று எழுதினார். வருமானம் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்தார். யோசித்துவிட்டு எழுதிய தொகை என் ஐந்து மாதச் சம்பளம்.

"நிஜமாவாப்பா?" என்றாள் மகள்.

"அதுக்கும் மேலயே வரும். செலவெல்லாம் போக எழுதியிருக்கேன்."

கையெழுத்தை மட்டும் அலட்டலே இல்லாமல் போட்டார்.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இதை மறைத்து என்ன ஆகப் போகிறது? அந்த நாற்காலி, அந்த இழுப்பறை, அந்த விரல்கள், எல்லாம் தெரிந்தது. அந்தத் தொகையை எழுதினால் என்ன ஆகும் என்பதும் தெரியாமல் இல்லை. துணி பிடிக்கிறவளுக்கும் கூட்டல் தெரியும். நான் வாயைத் திறந்து, "விளையாடாதீங்க, உள்ளத எழுதுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவர் கொஞ்சம் அசடு வழிந்திருப்பார், எழுதியிருப்பார். நான் சொல்லவில்லை. மகளின் முகம் அப்படி மலர்ந்து இருந்தது என்று சொல்லலாம். அது பாதி உண்மை. மீதியையும் சொல்லிவிடுகிறேன். என்னை விட்டுவிட்டுப் போனவர் பெரிய ஆளாகிவிட்டார் என்றால் அதை என்னால் தாங்கிக்கொள்ள முடியும். போயும் உருப்படவில்லை, எட்டு வருஷமும் யாரோ ஒருவர் கடையில் கண்ணாடி வெட்டிக்கொண்டுதான் இருந்தார் என்றால், நான் எதற்காகத் தனியாகக் கிடந்தேன்? அந்தக் கேள்வியை அன்று என்னால் எதிர்கொள்ள முடியவில்லை. இவர்தான் எங்களோடு இல்லையே, இவர் வருமானத்தை எப்படிச் சேர்ப்பார்கள் என்று எனக்கு நானே காது குத்திக்கொண்டு பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் போன் வந்தது. மகள் மாடிப்படியில் உட்கார்ந்து பேசுவாள். பாலத்துக்குக் கண்ணாடியில் தரை போடலாமா என்று அவர் கேட்பாராம். கீழே ஓடும் தண்ணீர் தெரியுமாம். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நான் சமையலறையில் பாத்திரத்தை வேண்டியதைவிடக் கொஞ்சம் சத்தமாகவே கழுவுவேன்.

*

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. கட்டணத்தில் கால் பங்குக்கு மட்டும் உதவி. தகப்பனாரின் தொழில் வருமானம் போதுமானதாக இருப்பதால் மீதியைக் குடும்பமே செலுத்தலாம். பத்து நாளுக்குள் கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

மகள் கலங்கவே இல்லை. "அப்பாகிட்டச் சொல்லலாம்மா. அவருக்கு இதெல்லாம் ஒரு பணமா?" என்றாள்.

"நான் பேசிக்கிறேன். நீ போன்ல எதுவும் கேக்காத" என்றேன்.

மூன்றாம் ஜன்னலுக்குத் தனியாகப் போனேன். கண்ணாடிச் சங்கிலி அம்மாளிடம் சொன்னேன், எங்கள் வீட்டுக்காரர் எழுதியது தவறு, அவர் அங்கே வேலைக்கு இருப்பவர் என்று. அந்த அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அன்னைக்கே ரெண்டு பேர்கிட்ட எழுதி வாங்கியிருந்தா இந்தப் பாடே இல்ல. இப்ப அந்த வழி அடைஞ்சு போச்சு. போன மாசம் அவரே கையெழுத்துப் போட்டிருக்காரே, தொடர்பு இல்லன்னு எப்படிச் சொல்வீங்க? திருத்தணும்னா அவரே எழுதிக் குடுக்கணும். கூடவே கடைக்காரர்கிட்ட சம்பளக் கடிதம். அந்தப் பத்து நாளுக்குள்ள வந்தா முழு உதவியே கிடைக்கும்."

மறுநாள் பஸ் ஏறினேன். இந்த முறை சுழல் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முப்பது வயது இருக்கலாம், ஆள் குட்டை, நாற்காலி அவருக்குக் கச்சிதமாக இருந்தது.

"அண்ணே, குளியலறைக் கண்ணாடிய ரெண்டு அங்குலம் கம்மியா வெட்டி வெச்சிருக்கீங்க. கொஞ்ச நாளாவே உங்க கவனம் இங்க இல்ல. இத யார் தலையில கட்டறது?"

எங்களவர் கையில் அளவுகோலோடு நின்றுகொண்டிருந்தார். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டார். அந்தப் பார்வையை நான் பார்த்திருக்கக் கூடாது. பதினெட்டு வயதுப் பெண்ணின் படிப்பு என் கையில் இருந்தது, அதனால் பார்த்தேன்.

கடைக்குப் பக்கவாட்டில், உடைந்த துண்டுகளைப் போட்டுவைக்கும் இரும்புப் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்று பேசினோம்.

"எதுக்கு வந்தே?"

கடிதத்தைக் காட்டினேன். படித்தார். இரண்டாவது முறையும் படித்தார்.

"நான் கட்டிடறேன்" என்றார்.

"எத வெச்சு?"

"ஏற்பாடு பண்றேன். ஒருத்தர் தர்றேன்னு சொல்லியிருக்காரு."

"எட்டு வருஷமா அந்த ஒருத்தர் யாருன்னே எனக்குத் தெரியலை. எனக்கு உங்க பணம் வேண்டாங்க. உள்ளத உள்ளபடி ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, போதும்."

"அவளுக்கு நான் இங்க கூலிக்கு வெட்டறவன்னு எழுதிக் குடுக்கச் சொல்றியா?"

"வெட்டறவர்தானே நீங்க? அதுல என்ன கேவலம்? நான் ஊர்ல உள்ள நோயாளிங்க விரிப்பெல்லாம் தேய்ச்சுத்தான் அவளப் படிக்க வெச்சேன்."

"உன்ன அவளுக்கு எப்பவும் தெரியும். என்ன இப்பத்தான் தெரியும்."

பதில் இல்லாத இடத்தில் எனக்குக் கோபம் வரும், அது என் சுபாவம். "உங்க பந்தாவுக்கு என் பொண்ணோட படிப்பப் பலி குடுக்கப் பாக்கறீங்களா? போனப்பவும் பொய், வந்தப்பவும் பொய். ஒரே ஒரு உண்மைய எழுதறதுக்குக் கையா முறிஞ்சிடும்?" என்று கத்திவிட்டேன். உள்ளேயிருந்து அந்தக் குட்டை முதலாளி எட்டிப் பார்த்தார்.

எங்களவர் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார். பிறகு, "வெள்ளிக்கிழமை வா. எழுதி வெக்கறேன். அவளுக்குத் தெரிய வேண்டாம்" என்றார்.

"தெரியாது" என்றேன். "நேரா ஆபீஸ்ல குடுத்துடறேன்."

பாவமாகக்கூட இருந்தது. திரும்பும் வழியெல்லாம், கத்தியிருக்க வேண்டாமே என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

வெள்ளிக்கிழமை போனேன். மேஜையில் யாரும் இல்லை. சுழல் நாற்காலிக்காரர் எழுந்து வந்தார்.

"வாங்கக்கா. அண்ணன் புதன்கிழமையே கணக்க முடிச்சுக்கிட்டுப் போயிட்டாரே. பொண்ணு காலேஜ் சேர்றா, கூட இருக்கணும், இனிமே அங்கதான்னு சொன்னாரு. எல்லாருக்கும் டீ வேற வாங்கிக் குடுத்தாரு. உங்ககிட்ட வரலியா?"

நான் வாசல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் பதறிப்போய் அந்த நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார், தண்ணீர் கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். முன்பின் தெரியாத ஒருவரிடம், எட்டு வருஷமாக யாரிடமும் சொல்லாததை எல்லாம் சொன்னேன். அவர் கடைத் தாளை எடுத்துச் சம்பளக் கடிதம் எழுதினார். இன்னார் இங்கே ஐந்து வருஷம் கண்ணாடி வெட்டும் வேலையில் இருந்தார், மாதச் சம்பளம் இவ்வளவு. என் சம்பளத்தைவிடக் குறைவு. முத்திரையை இரண்டு இடத்தில் குத்தினார்.

"தங்கமான வேலைக்காரருக்கா. வாய்தான்..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார்.

எங்களவருடைய போன் அணைந்து கிடந்தது. மகள் இரண்டு நாளாக, "அப்பா போனே எடுக்கலம்மா, வேலை அதிகம் போல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

*

திங்கட்கிழமைதான் கடைசி நாள். ஜன்னலை நாலு மணிக்கு மூடிவிடுவார்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அப்பா வருவார் என்று அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைத் தூர நிற்க வைத்துவிட்டு, சம்பளக் கடிதத்தை ஜன்னலுக்குள் நீட்டி, நடந்ததைச் சொன்னேன். கண்ணாடிச் சங்கிலி அம்மாள் கடிதத்தோடு எழுந்து உள்ளே போனார். கால் மணி நேரம் கழித்து ஒரு வெள்ளைத் தாளோடு வந்தார்.

"பெரிய அதிகாரிகிட்டப் பேசிட்டேன். அப்பா கையெழுத்து இல்லாம திருத்த முடியாது. ஆனா மாணவியே தன் கைப்பட எழுதிக் குடுத்தா எடுத்துக்கலாம்னு சொல்றாரு. மூணு விஷயம். அப்பா அங்க வேலைக்கு இருந்தவரு. அவர் எழுதினது பொய். இப்ப எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியாது. அவ்வளவுதான். நீங்க எழுதக் கூடாது. அவதான் எழுதணும்."

தாளை வாங்கிக்கொண்டு வந்து மகளை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தேன். சொன்னேன். அவள் நம்பவில்லை. சம்பளக் கடிதத்தின் நகலைக் கொடுத்தேன். அதைப் படித்துவிட்டு மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு எனக்குப் பொய்யே சலித்துப் போயிருந்தது. "மொத நாளே தெரியும்" என்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அன்னைக்கே அங்கயே சொல்லியிருந்தா, அவர் ஓடியிருக்க மாட்டாரேம்மா. எனக்கு அவர் கண்ணாடி வெட்டினா என்ன, கல்லாவுல உக்காந்தா என்ன?"

மூன்றரை ஆகியிருந்தது. அவள் பையிலிருந்து பேனாவை எடுத்து, கோப்பை மடியில் வைத்து எழுத ஆரம்பித்தாள். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள். பரீட்சையில்கூட அவள் அவ்வளவு வேகமாக எழுதியிருக்க மாட்டாள். இரண்டாவது வரியில் பொய் என்ற வார்த்தைக்கு முன்னால் மட்டும் பேனா நின்றது, பிறகு எழுதியது. எட்டு வருஷமாக, இந்த மனுஷன் பொய்யர் என்று யாராவது ஒருவர் எழுத்தில் எழுதித் தர மாட்டார்களா என்று நான் ஏங்கியிருக்கிறேன். இவள் கையெழுத்தில் அதைப் பார்த்தபோது தாளைப் பிடுங்கிக் கிழித்துவிடலாமா என்றுகூட இருந்தது. கிழிக்கவில்லை.

அந்த அம்மாள் படித்துப் பார்த்துத் தேதி போட்டு முத்திரை வைத்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மகளிடம் மெதுவாகப் பேசினார்.

"இது ஒரு தடவையோட முடியறது இல்லம்மா. நாலு வருஷப் படிப்பு. உதவித்தொகைய வருஷா வருஷம் புதுசாப் பாப்பாங்க. ஒவ்வொரு வருஷமும் நீ இத எழுதித் தரணும். நடுவுல அப்பா எங்க இருக்காருன்னு தெரிஞ்சா, உடனே இங்க சொல்லிடணும். சொன்னா ஏழாம் பக்கத்த அவர்தான் மறுபடி நிரப்பணும். தெரிஞ்சும் தெரியாதுன்னு எழுதினா, குடுத்தது எல்லாத்தையும் திருப்பிக் கேப்பாங்க."

"தெரிஞ்சா சொல்லிடறேன் மேடம்" என்றாள்.

முழு உதவி கிடைத்தது. பஸ்ஸுக்கும் நோட்டுக்கும்தான் செலவு. சலவைக்கூடத்தில் செய்தியைச் சொன்னபோது அந்த முனைக்காரி விரிப்பைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"சேக்கறதுக்கு உன் வீட்டுக்காரர் வந்திருந்தாரா?"

"வந்தார்" என்றேன்.

வீட்டில் சிரிப்புச் சத்தம் நின்றுபோய்விட்டது. அவள் என்னோடு சண்டை போடவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், சாப்பிடுவாள், படிப்பாள். மாடிப்படிப் பக்கம் மட்டும் போவதில்லை. திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

கல்லூரி ஆரம்பித்து மூன்று மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே அவள் போன் அடித்தது. புது எண்ணாக இருந்திருக்க வேண்டும், "யாரு?" என்று கேட்டாள். அப்புறம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. நான் துணியோடு ஜன்னலுக்கு வெளியே நின்றுவிட்டேன்.

"நல்லா இருக்கேன்பா" என்றாள். "சேந்துட்டேன்... முழு உதவியும் கெடச்சிடுச்சு. கடையில எழுதிக் குடுத்த பேப்பர்தான், ஆமா... அம்மா நல்லா இருக்கா."

அவள் குரல் உடையவில்லை. ஓடிப்போய்ப் போனைப் பிடுங்கி, விண்ணப்பத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், திரும்பி வந்துவிடுங்கள் என்று சொல்லலாமா? அல்லது இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள் என்று சொல்லலாமா? எனக்கே தெரியவில்லை. இரண்டில் எதைச் சொன்னாலும் அவள் படிப்பின்மேல்தான் விழும். நான் அசையாமல் நின்றேன்.

"இல்லப்பா, வர வேண்டாம்... கோபமெல்லாம் இல்ல. சத்தியமா இல்ல."

அந்தப் பக்கம் அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்திருக்க வேண்டும். மகள் அவசரமாக எழுந்து நின்றாள்.

"ஊர் பேரச் சொல்லாதீங்கப்பா" என்றாள். "நாலு வருஷம். அதுவரைக்கும் எங்க இருக்கீங்கன்னு மட்டும் எனக்குச் சொல்லிடாதீங்க."